காகிதத்தில் ஒரு கல்லறை வாசல்

நமது அன்பர்களில் தைக்காடு சாந்தி கவாடத்துக்குப் போகாதவர்கள் குறைவு. கவாடம் என்றால் கதவு. பெயரிலேயே வாசலை வைத்திருக்கும் மயானம். ஆனால் அங்கே போகிற நாளில் வாசலை யார் பார்க்கிறோம்? என் மனைவியைக் கொண்டு சென்ற அன்று எந்த வழியாக உள்ளே போனேன் என்பதே எனக்கு நினைவில்லை. பிறகுதான் ஒரு கல்லறை வாசலை அட்டையில் செய்து பார்க்கும் ஆசை வந்தது.

அந்த வாசல் இருப்பது வட இத்தாலியில், திரெவீசோ அருகே சான் வீட்டோ என்ற சிற்றூரில். பிரியோன்வேகா ரேடியோ, டெலிவிஷன் கம்பெனியை நிறுவிய ஜுசெப்பே பிரியோன் 1968-ல் காலமானார். அவர் மனைவி ஒனோரினா, ஊர்க் கல்லறைத் தோட்டத்தை 'ட' போல அணைத்துக் கிடந்த சுமார் 2,200 சதுர மீட்டர் நிலத்தில் நினைவிடம் கட்டும் பொறுப்பைக் கார்லோ ஸ்கார்ப்பாவிடம் ஒப்படைத்தார். ஸ்கார்ப்பா கட்டடக் கலைஞருக்கான அரசுத் தேர்வை எழுதாதவர். உரிமம் இல்லாமல் தொழில் செய்கிறார் என்று அவர்மேல் வழக்கே போட்டார்கள். டிப்ளமோக்காரனான எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்!

கான்கிரீட் சுவர்களின் விளிம்புகளை அவர் படிப்படியாக மடித்திருக்கிறார். ஒவ்வொரு மடிப்பும் 5.5 செ.மீ. ஆகவே மாடலுக்கு 1:55 என்று அளவு வைத்துக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டர் அட்டை ஒன்று ஒரு மடிப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் சுவர் தானே எழும்புகிறது.

வாசல் படிகள் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கின்றன. ஏறியதும் எதிரே சுவர். அதில் ஒன்றோடொன்று கோத்த இரண்டு வட்டங்கள், ஒன்றின் விளிம்பில் நீலச் சில்லுகள், மற்றதில் இளஞ்சிவப்பு. மாடலை மேஜை விளிம்பில் வைத்து, குனிந்து கண்ணைப் படிக்கு நேராகக் கொண்டுபோனபோதுதான் விஷயம் புரிந்தது. வட்டங்களின் வழியே தெரிவது புல்வெளிதான், சமாதி அல்ல. கண் நேரே போகலாம்; கால் திரும்பித்தான் ஆகவேண்டும். இடப்பக்கம் போனால் சமாதி. வலப்பக்கம் தண்ணீருக்கு நடுவே ஒரு மண்டபம். துக்கத்தோடு வருகிறவரை அந்தச் சுவர் ஒரு நிமிடம் நிற்க வைத்துவிடுகிறது.

வலப்பக்கத்து வழியில் ஒரு கண்ணாடிக் கதவு. கையால் அழுத்தினால் கீழே இறங்கும், விட்டால் மேலே வரும். சுவரின் வெளிப்புறத்தில் கம்பி, கப்பி, எதிர்ப்பளு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி விட்டிருக்கிறார். பழைய கைகாட்டி சிக்னலோடு காலம் கழித்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா? தையல் நூலும் ஒரு சிறு நட்டும் போட்டேன், வேலை செய்கிறது.

என் மகள் அந்தக் கதவை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். "அம்மாவைக் கொண்டுபோன அன்னைக்கு எங்களுக்கும் இப்படி நிக்க ஒரு இடம் இருந்திருக்கலாம் அப்பா" என்றாள். நம்மவர் மயானங்களுக்குச் சுற்றுச்சுவர் எடுக்கிறார்கள், தகனமேடை கட்டுகிறார்கள். வாசலுக்கென்று பத்தடி ஒதுக்கி ஒரு திண்ணை போட எவ்வளவு செலவாகிவிடும்?

1978-ல் ஸ்கார்ப்பா ஜப்பானில் காலமானார். ஊர்க் கல்லறையும் பிரியோன் நிலமும் சந்திக்கும் மூலையில் அவரை அடக்கம் செய்தார்கள். 2022-ல் பிரியோன் குடும்பத்தார் அந்த இடத்தை இத்தாலியின் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அட்டை வெட்டும் வரைபடத்தின் நகல் வேண்டுவோர் சங்க முகவரிக்கு எழுதினால் அனுப்பி வைக்கிறேன். பழைய காலண்டர் அட்டையே போதும்; கத்தி மட்டும் கூர்மையாக இருக்கட்டும்.