நான்கு மாலைகளில் ஒரு மாவிலைத் தோரணம்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கேம்பல் லேன் சந்தையில் தோரணங்கள் தொங்கத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் மாவிலை, ஜிகினா ஒட்டிய மயில், பொன்நிறத் தாமரை எல்லாம் கண்ணைப் பறிக்கும். சில வெள்ளி கொடுத்து வாங்கினால் பத்து நிமிடத்தில் வாசலில் மாட்டிவிடலாம். வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அது பெரிய வசதி.

எங்கள் வீவக வீட்டு வாசலில் நான்கு ஆண்டுகளாக நாங்களே செய்த தோரணம்தான் தொங்குகிறது. காற்றில் தானாக உலரும் களிமண்ணில் இலை வெட்டி, வண்ணம் பூசி, ஓரத்தில் ஜிகினாவை மின்னவைத்த மாவிலைகள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம்; மகள் தொடக்கநிலை 3ல் படிக்கிறாள். “இதற்கெல்லாம் உனக்கு நேரம் ஏது?” என்று அலுவலகத் தோழிகள் கேட்பதுண்டு.

இந்தக் களிமண்ணை ஒரே மூச்சில் செய்து முடிக்கவே முடியாது என்பதுதான் என் பதில். இன்று இலை வெட்டினால் இரண்டு மூன்று நாள் உலரவேண்டும். பிறகுதான் வண்ணம், அதற்கும் பிறகுதான் ஜிகினா. ஒவ்வொரு கட்டத்துக்கும் அரை மணி, முக்கால் மணி நேரம் போதும். ஒரு முழு விடுமுறை நாள் கிடைக்காதவர்களுக்கு இதைவிட ஏற்ற கைவேலை இல்லை என்பேன்.

எந்தக் களிமண்?

குயவர் வனையும் மண்ணுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. அகல் விளக்கும் சட்டியும் சூளையில் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் வேகும்போது மண்ணின் தன்மையே மாறிவிடுகிறது. பிறகு தண்ணீரில் போட்டாலும் அது கரையாது. காற்றில் உலரும் களிமண்ணில் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் பிசினும் நாரும் இறுகுகின்றன, அவ்வளவுதான். ஈரம் பட்டால் மறுபடி இளகும். தீ பட்டால் கருகும். இந்த வேறுபாட்டை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் வராது.

கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று, காகித நார் கலந்த கனமான கட்டி. வெள்ளையிலும் செம்மண் நிறத்திலும் வரும். இலை நரம்பு, பூவிதழ் மடிப்பு போன்ற நுணுக்கங்கள் இதில் நன்றாகப் பதியும். மற்றொன்று, பஞ்சுபோல் இலேசாக, பல நிறங்களில் வரும் ‘சாஃப்ட் கிளே’. சிறு பிள்ளைகளின் விரலுக்கு இதமானது, அவ்வளவாக விரிசல் விடாது, ஆனால் மெல்லிய கோடுகள் இதில் நிற்பதில்லை. முதல் வகைக்கு பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடைகளுக்குப் போகலாம். இரண்டாவது, டைசோ போன்ற கடைகளிலேயே கிடைக்கும்.

வீட்டிலேயே செய்வதானால் ஒரு கோப்பை சோளமாவு, ஒரு கோப்பை வெள்ளைப் பசை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சிறு தீயில் கிளறுங்கள். கொழுக்கட்டை மாவுபோல் திரண்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் வரும்போது இறக்கி, சூடு ஆறியதும் பிசையவேண்டும். இதற்கென்று ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிவிடுவது நல்லது.

கோதுமை மாவில் உப்பைக் கலந்து செய்யும் முறையும் உண்டு. நம் ஊருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மாவு எறும்பை அழைக்கும், சில வாரங்களில் பூஞ்சணமும் பிடிக்கும்.

நம் ஊர்க் காற்று

பொட்டலத்தில் ‘24 மணி நேரத்தில் உலரும்’ என்று போட்டிருக்கும். சிங்கப்பூரில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வேறு. அதனால் மெல்லிய இலைக்கு இரண்டு நாள், சற்றுத் தடிமனான பொருளுக்கு மூன்று நான்கு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதும் முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவதும் வேண்டாம். மேற்புறம் முதலில் இறுகிச் சுருங்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. கம்பித் தட்டில் பரப்பி, முதல் நாள் மெல்லிய துணியால் மூடி, காலையிலும் இரவிலும் புரட்டிப் போட்டால் இலைகள் சுருண்டுகொள்ளாது. இரண்டாம் நாளிலிருந்து துணியை எடுத்துவிட்டு, மின்விசிறிக் காற்று மெதுவாகப் படும்படி வைக்கலாம். இரவில் குளிரூட்டி போடும் அறையில் வைத்தால் இன்னும் நல்லது. அது அறையின் ஈரத்தையும் குறைக்கிறது.

உலர்ந்துவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையை எங்கள் வீட்டில் யாரும் மகளிடமிருந்து பறிக்க முடியாது.

நான்கு மாலை வேலை

21 மாவிலைகளுக்கு அரை கிலோ கட்டி தாராளமாகப் போதும். இரண்டு சிறு விளக்குகளுக்கும் மிஞ்சும்.

முதல் மாலை: பேக்கிங் பேப்பர் விரித்து, பூரிக்கட்டையால் களிமண்ணைச் சப்பாத்தியைவிடத் தடிமனாக, 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். எல்லா இடமும் ஒரே தடிமனாக இருப்பது முக்கியம். அட்டையில் 8 சென்டிமீட்டர் நீள இலை வடிவம் வெட்டி, அதை வைத்துச் சுற்றிலும் அறுக்கவேண்டும். உண்மையான மாவிலை கிடைத்தால் அதன் அடிப்பக்கத்தை அழுத்தி எடுங்கள். நரம்பெல்லாம் அச்சாக விழும். கிடைக்காவிட்டால் பல்குச்சியால் கீறலாம். காம்புப் பக்கம் ஸ்ட்ராவால் ஓட்டை போடவேண்டும். உலரும்போது களிமண் சுருங்குவதால் ஓட்டை நூலைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.

விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் விரலை நனைத்துத் தடவலாம். எவ்வளவு நனைப்பது என்பதில் எங்கள் வீட்டில் என் மாமியார்தான் ஆசிரியர். “முறுக்கு மாவுக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரிதான் கண்ணு, விரல் நனைஞ்சா போதும்” என்று அவர் பேத்திக்குச் சொன்னதை எந்தக் காணொளியும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. முதல் ஆண்டு “பிள்ளைங்க விளையாட்டு” என்று ஒதுங்கி இருந்தவர் அவர். மஞ்சளில் பிள்ளையார் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? இப்போது எங்களில் யாருடைய இலையும் அவருடையதைப் போல் ஒரே சீராக வருவதில்லை.

இரண்டாம் மாலை, மூன்று நாள் கழித்து: மெல்லிய உப்புத்தாளால் விளிம்பைத் தேயுங்கள். தூள் பறக்கும் என்பதால் முகக்கவசம் போட்டு, ஈரத் துணியை அருகில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் செய்வது நல்லது. துடைத்த பின் அக்ரிலிக் வண்ணம் பூசலாம். முதலில் கரும்பச்சை, அது காய்ந்ததும் நுனியில் இளம்பச்சை.

மூன்றாம் மாலை: ஜிகினா. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

நான்காம் மாலை: இரு பக்கமும் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு பூச்சு. வாசலில் சாரல் அடிக்கும் என்றால் இது கட்டாயம். வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர, முழுவதும் தடுக்காது. மழை நேராக விழும் இடத்தில் மாட்டவேண்டாம்.

ஜிகினா கொஞ்சம் போதும்

கடையில் விற்கும் ஜிகினாத்தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலத்தின் மீது அலுமினியம் பூசி, நிறமேற்றி, பொடிப்பொடியாக வெட்டியது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். ஜிகினா அந்த வகையில் பிறந்தே வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் ஜிகினாத்தூள் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் ஊரில் மழைநீர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்குச் செல்கின்றன. நடைபாதையில் கொட்டிய தூளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும்போது அதை நினைத்துக்கொள்வது நல்லது.

அதற்காக மினுமினுப்பே கூடாது என்று சொன்னால் தீபாவளிக்குப் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்களா? நாங்கள் செய்வது, குறைவாகப் போட்டு நிறைவாக மின்னவைப்பது.

தூளைக் களிமண் மீது தூவினால் பாதி பறக்கும், மீதி உதிரும். வெள்ளைப் பசையில் குழைத்து, மெல்லிய தூரிகையால் இலையின் ஓரத்திலும் நடு நரம்பிலும் மட்டும் கோடு இழுங்கள். ஈரமாக இருக்கும்போது பால்போல் வெளுத்துத் தெரியும். காய்ந்ததும் பசை மறைந்து மினுக்கம் வெளியே வரும். இலை முழுவதும் பூசினால் அருகில் மட்டும் மின்னும். ஓரத்தில் மட்டும் பூசினால், கரும்பச்சையின் பக்கத்தில் அது மின்தூக்கியிலிருந்து வரும்போதே தெரியும்.

பிளாஸ்டிக் வேண்டாம் என்பவர்களுக்கு அப்பிரகப் பொடி இருக்கிறது. நம் பாட்டிமார் காக்காய்ப்பொன் என்று சொன்ன அதே கனிமம்தான். உலர்ந்த இலையில் மென்மையான தூரிகையால் தேய்த்து, மேலே வார்னிஷ் பூசினால் முத்துப்போன்ற மெருகு கிடைக்கும். மூச்சோடு உள்ளே போகக்கூடிய நுண்தூள் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகக்கவசத்துடன் பயன்படுத்தவேண்டும்.

வேலை முடிந்ததும் துடைப்பம் எடுக்காதீர்கள். தூள் வீடெங்கும் பரவும். தட்டில் விரித்த காகிதத்தை மடித்து, மிஞ்சியதைப் புட்டியில் திருப்பிக் கொட்டி, மேசையை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். தூரிகையை முதலில் காகிதத்தில் நன்றாகத் துடைத்த பிறகே கழுவுங்கள். கைவேலைக்கான ஜிகினாவைப் பிள்ளைகளின் முகத்தில் பூசவே கூடாது. அதன் கூரான விளிம்புகள் கண்ணைக் கீறக்கூடும்.

இந்த விளக்கை ஏற்றலாமா?

சென்ற ஆண்டு மகள் மிஞ்சிய களிமண்ணில் ஓர் அகல் செய்தாள். எட்டு இதழ், விளிம்பெல்லாம் பொன்னிறம். செய்து முடித்ததும் “எப்போம்மா ஏத்துறோம்?” என்று கேட்டாள்.

ஏற்ற முடியாது. காகித நாரும் பிசினும் கலந்த பொருள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சுடர் பட்ட இடம் கருகும், தீயும் பிடிக்கலாம். மேலே பூசிய வண்ணமும் வார்னிஷும் ஜிகினாவும் தீக்கு இன்னும் தோதானவை. கடையில் விற்கும் சுட்ட மண் அகல்தான் திரிக்கு ஏற்றது. இதை எளிதாக அவளிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. “அப்ப இது விளக்கே இல்லையா?” என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

“கோலத்துல விளக்கு போடுறோம்ல, அத ஏத்தவா செய்றோம்?” என்றார் மாமியார், அடுப்படியிலிருந்தே.

அன்று மாலை அந்த அகல் வாசல் கோலத்தின் நடுவில் இருந்தது, உள்ளே மின்கலத்தில் எரியும் சிறு விளக்கோடு. சாமி அறையில் மண் அகல் எரிந்தது. இரண்டுக்கும் இடம் இருந்தது.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஓர் எச்சரிக்கை. இந்தச் சிறு விளக்குகளில் பெரும்பாலும் பொத்தான் வடிவ மின்கலம்தான் இருக்கும். விழுங்கினால் பேராபத்து. திருகாணி போட்டு மூடியதாகப் பார்த்து வாங்கி, எட்டாத இடத்தில் வையுங்கள். அதேபோல், களிமண் தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் லட்டு, முறுக்கு வைக்கவேண்டாம். அது உணவுக்கான பொருள் இல்லை.

எடுத்து வைக்கும்போது

இது கடைத் தோரணத்தைவிட மலிவு என்று சொல்லமாட்டேன். களிமண், வண்ணம், வார்னிஷ், தூரிகை எல்லாம் முதன்முறை வாங்கும்போது கூடுதலாகவே ஆகும். அடுத்த ஆண்டு களிமண் மட்டும் வாங்கினால் போதும்.

பண்டிகை முடிந்ததும் இலைகளைத் தூசி துடைத்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களுடன் வைத்துவிடுங்கள். காலணிப் பெட்டியில் வரும் பொட்டலங்களே போதும். உடைந்த இலையை வெள்ளைப் பசையால் ஒட்டி, தண்ணீரில் குழைத்த களிமண்ணை இடுக்கில் தடவி, உலர்ந்ததும் வண்ணம் பூசினால் உடைந்தது தெரியாது.

இன்னொன்று. முதல் மாலையில் இலைகள் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையின் கட்டைவிரல் ரேகையையும் ஓர் இலையின் பின்பக்கம் பதித்து, பக்கத்தில் ஆண்டைக் கீறி வையுங்கள். எங்கள் தோரணத்தில் இப்போது அப்படி நான்கு இலைகள் இருக்கின்றன. முதல் ஆண்டு ரேகைக்குள் மகளின் விரல் இப்போது அடங்குவதில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். இடையில் மழை பெய்தாலும் நாள் கைவசம் இருக்கும்.