மரபணுக்களை ஆளும் ஒளி

கண்ணிலுள்ள கலத்திலும் ஈரலிலுள்ள கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தான். ஆயினும் கண் ஒளியை உணர்கின்றது. ஈரல் குருதியிலுள்ள நச்சினை அகற்றுகின்றது. எந்தக் கலத்தில் எந்த மரபணு விழித்திருக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், டி.என்.ஏ.யின் மீதும் அதனைத் தாங்கும் புரதங்களின் மீதும் உள்ள இரசாயன அடையாளங்களுக்குப் பெரும் பங்குண்டு. இவற்றை ஆராய்வதே மேல்மரபியல்.

ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ., ஹிஸ்டோன் எனும் புரதங்களைச் சுற்றி நூல்போல மடிந்துள்ளது. ஹிஸ்டோன்களில் அசற்றைல் கூட்டங்கள் சேரும்போது சுற்று தளர்ந்து மரபணு விழிக்கின்றது. சில நொதியங்கள் அவற்றை அகற்றியதும் சுற்று இறுகி மரபணு அடங்குகின்றது. புற்றுநோய் பலவற்றில், கலப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய மரபணுக்களே இவ்வாறு அடக்கப்பட்டு விடுகின்றன.

இந்நொதியங்களைத் தடுக்கும் வொரினோஸ்டாட் எனும் மருந்துக்கு, தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் விழுங்கிய மருந்து நோயுற்ற கலத்தை மாத்திரம் நாடிச் செல்வதில்லை. உடலெங்கும் பரவுகின்றது. களைப்பு, வயிற்றோட்டம், குருதிச் சிறுதட்டுகளின் வீழ்ச்சி என அதன் விலையை நோயாளியே செலுத்துகின்றார்.

இங்கேதான் ஒளி துணைக்கு வருகின்றது. அசோபென்சீன் எனும் மூலக்கூறு இருளில் நிமிர்ந்தும் ஒளியில் வளைந்தும் இருக்கும். இதனை நொதியத் தடுப்பு மருந்துடன் இணைத்து, நீல ஒளி படும்போது கூடிய வினைத்திறன் பெற்று, ஒளி நீங்கியதும் அதனை இழக்கும் சேர்மங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2016 இல் அறிவித்தனர். அதற்கு முன்னர், 2013 இல், ஃபெங் சாங் தலைமையிலான குழுவினர் தாவரமொன்றின் ஒளியுணர் புரதத்தைப் பயன்படுத்தி, எலியின் மூளையில் ஒரு மரபணுவைத் தூண்டியதோடு, நரம்புக் கலங்களின் ஹிஸ்டோன் அடையாளங்களையும் மாற்றிக் காட்டினர்.

எனினும் நீல ஒளி திசுக்களுக்குள் ஆழமாக ஊடுருவுவதில்லை. எலியின் மூளைக்கும் ஒளியிழை வழியாகவே அதனைச் செலுத்த வேண்டியிருந்தது. எனவே இது நாளையே வைத்தியசாலைக்கு வந்துவிடும் என நம்புவது பேதைமை. நோயாளரிடம் அவ்வாறு கூறி விற்பனை செய்ய முற்படுவோர் குறித்து விழிப்பும் அவசியம்.

மருந்தின் வலிமையைப் போலவே, அது எங்கே, எப்போது செயற்பட வேண்டும் என்பதும் முக்கியமானது. அந்தக் கட்டுப்பாடு கைகூடுமாயின், நோயை வெல்வதற்காக நோயாளியின் உடலையே வருத்தும் நிலை குறையும். அதற்காகவே இவ்வாய்வுகளைப் பொறுமையுடனும் அக்கறையுடனும் நாம் நோக்க வேண்டும்.