ஆசனமும் அதிருஷ்டமும்

உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டம் ஒன்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், கையில் பணம் இருந்துவிட்டால் அந்த ஆசை நிறைவேறிவிடும் என்று எண்ணுவானாகில், அவனுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் போதாது என்றே சொல்ல வேண்டும். சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் இணையதளத்தில் முதலில் தன் பெயருக்கு ஒரு கணக்கைத் தொடங்கி, எந்த ஆட்டம், எந்த வகுப்பு, எத்தனை டிக்கெட் என்பதையெல்லாம் குறித்துக் காட்டி, கிரெடிட் கார்டின் எண்ணையும் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டு அவன் காத்திருக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்ததோ, "இன்னும் வேண்டுமா?" என்று மறுபடி ஒருமுறை கேட்கிற உபசாரம்கூட இல்லாமல் கார்டிலிருந்து பணம் போய்விடும், விழவில்லையோ, வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வரும். காலிறுதியோ அரையிறுதியோ கேட்டவனுக்கு, அன்றைய தினம் எந்த இரண்டு தேசங்கள் ஆடப்போகின்றன என்பதே தெரியாது.

முன்பெல்லாம் இவ்வளவு பிரயாசை இல்லை. 1950-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் பிரேஸிலும் உருகுவேயும் மோதியபோது, உத்தியோகக் கணக்கின்படியே 1,73,850 பேர் டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். மொத்தக் கூட்டம் இரண்டு லட்சத்தை நெருங்கியிருக்கும் என்பது பலருடைய மதிப்பு. அந்த ஜனத்திரளில் பெரும்பகுதி நின்றுகொண்டே ஆட்டத்தைப் பார்த்தது. பிற்காலத்தில் பாதுகாப்பை உத்தேசித்து ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசனம் என்ற விதி வந்தது. மைதானங்கள் கொள்ளும் கூட்டம் இப்படிச் சுருங்கிய அதே காலத்தில், தொலைக்காட்சி வந்து உலகத்தின் மூலைமுடுக்குகளிலெல்லாம் இந்த ஆட்டத்தின் மீது மோகத்தை வளர்த்துவிட்டது. இருக்கிற ஆசனங்களும் முழுவதும் பொதுஜனங்களுக்கு வருவதில்லை. விளம்பரதாரர்களுக்கு ஒரு பங்கு, விருந்து உபசாரத்தோடு சேர்த்து விற்கிற கம்பெனிக்கு ஒரு பங்கு, பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு பங்கு, ஆடுகிற இரண்டு தேசங்களின் சங்கங்களுக்கும் தனித்தனியே ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்த பிறகு எஞ்சுவதற்குத்தான் இத்தனை போட்டியும்.

மிஞ்சியதை எவருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தேசமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. 1998-இல் பிரான்ஸ் தேசத்தார், "வீட்டுக்காரனுக்கே முதல் பந்தி" என்று தீர்மானித்தார்கள். பொதுவிற்பனையின் ஆரம்ப கட்டங்களில் பிரான்ஸில் விலாசம் உள்ளவர்களுக்கே டிக்கெட் என்று ஏற்பாடாயிற்று. எல்லைகளே இல்லாத பொதுச் சந்தை என்று பெருமை பேசிக்கொண்டிருந்த ஐரோப்பாவின் மற்றப் பிரஜைகள் இதைக் கண்டு கொதித்தெழுந்தார்கள். விவகாரம் ஐரோப்பிய கமிஷன் வரையில் போயிற்று. எல்லா ஆட்டங்களும் முடிந்து, கோப்பையையும் பிரான்ஸே எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் ஆன பிறகு, 1999 ஜூலையில், போட்டியை நடத்திய குழு செய்தது தவறுதான் என்று தீர்ப்பு வந்தது. விதித்த அபராதம் ஆயிரம் யூரோ! முந்தைய போட்டிகளிலும் ஏறக்குறைய இதே வழக்கம் இருந்துவந்ததைக் கருதித்தான் இந்தச் சலுகை காட்டினார்கள் என்றாலும், அந்தத் தொகையைப் படிக்கிறபோது சிரிப்பை அடக்கிக்கொள்வது கஷ்டம்.

2006-இல் ஜெர்மானியர்கள் தங்கள் சுபாவத்துக்கு ஏற்றபடி, டிக்கெட்டின் மீது வாங்குகிறவரின் பெயரை அச்சிட்டு, உள்ளே ஒரு சின்னஞ்சிறு மின்னணுச் சில்லையும் பதித்து, பிளாக்கில் விற்கிறவர்களின் வாயில் மண்ணைப் போடப் பார்த்தார்கள். ஆனால் வாசலில் பல்லாயிரம் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கையில் ஒவ்வொருவருடைய அடையாளச் சீட்டையும் ஒத்துப் பார்ப்பது எந்தக் காவலாளியாலும் ஆகிற காரியமா?

இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் தைத்தது தென்னாப்பிரிக்கா. 2010-இல் ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு முதன்முதலாக இந்தப் போட்டி வந்தபோது, உள்ளூர் ஜனங்களுக்கென்றே 140 ராண்ட் விலையில், அந்நாளைய மதிப்பில் சுமார் இருபது டாலருக்கு, நான்காம் வகுப்பு டிக்கெட்டை ஏற்படுத்தினார்கள். எண்ணம் மிக நல்லதுதான். ஆனால் விற்பனையை இணையத்தின் மூலமும், வங்கியில் பாரம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்கும் முறையிலும் நடத்தினார்கள். கால்பந்து என்றால் உயிரை விடுகிற சொவேட்டோவின் தொழிலாளிக்கோ கிரெடிட் கார்டும் கிடையாது, கணினியும் கிடையாது. ஆட்டம் நடக்கிற வாரத்தில் கௌண்டருக்குப் போய்ப் பணத்தை நீட்டி டிக்கெட்டைக் கையோடு வாங்கிவருவதே அவன் அறிந்த வழக்கம். டிக்கெட்டுகள் தேங்கி நின்ற பிறகே இந்த உண்மை ஜூரிச் நகரத்து ஃபிஃபா அதிகாரிகளுக்கு உறைத்தது.

ஏப்ரல் 15-ஆம் தேதி, ஐந்து லட்சம் டிக்கெட்டுகளை நேரடியாகக் கௌண்டர்களில் விற்பதற்கு ஏற்பாடாயிற்று. முதல் நாள் இரவே ஜனங்கள் கம்பளியும் நாற்காலியுமாக வந்து வரிசை கட்டிவிட்டார்கள். விடிந்து கதவு திறந்து, முதலில் நின்றவர்கள் ஆசையோடு கௌண்டரை நெருங்குவதற்கும், தேசம் முழுவதற்கும் பொதுவாயிருந்த கணினி அமைப்பு திணறி நின்றுவிடுவதற்கும் சரியாக இருந்தது. இரவெல்லாம் பனியில் கிடந்தவர்கள் மணிக்கணக்கில் அப்படியே நின்றார்கள். கேப் டவுனில் வரிசையில் நின்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர் மயங்கி விழுந்து உயிரை விட்டார். இவ்வளவுக்கும் பிறகு டிக்கெட் கிடைத்தவர்கள் அதைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டிக்கொண்டு, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வெளியே வந்தார்கள்.

2022-இல் கத்தார் தேசத்திலும், அங்கே வசிக்கிறவர்களுக்கென்று 40 ரியாலுக்கு நான்காம் வகுப்பு இருந்தது. அங்கே கட்டட வேலையிலும் கடைகளிலும் வாகனம் ஓட்டுவதிலும் காலம் தள்ளுகிற நம் தமிழர்கள் எத்தனையோ பேர். அந்த நாட்டுச் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். ஆகவே முதல் சுற்று ஆட்டம் ஒன்றைப் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி போதுமானதாயிருந்தது. தாங்களே எழுப்பிய மைதானத்தில் ஒரு நாள் கூலியைக் கொடுத்து உட்கார முடிந்ததை அற்பம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். இறுதி ஆட்டத்துக்கோ அதே நான்காம் வகுப்பு 750 ரியால் ஆயிற்று. மாதச் சம்பளத்தில் முக்காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஊருக்கு எதை அனுப்புவது?

அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று தேசங்களும் சேர்ந்து நடத்தும் 2026-ஆம் ஆண்டுப் போட்டியிலோ விஷயம் வேறு திக்கில் திரும்பிவிட்டது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், 16 நகரங்கள் என்று எல்லாம் பெருகியிருக்கிறபடியால் ஆசனப் பஞ்சம் சற்றுத் தணியும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கிராக்கிக்குத் தக்கபடி விலையை ஏற்றி இறக்கிக்கொள்ளும் முறையை ஃபிஃபா முதன்முதலாக உலகக் கோப்பையில் நுழைத்தது. விற்பனை தொடங்கியபோது 60 டாலரிலிருந்து 6,730 டாலர் வரையில் விலை சொன்னார்கள்; பின்னர் அந்த உச்சமும் மேலே ஏறிற்று. 2025 டிசம்பர் மாதத்தில், தங்கள் அணியைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகிற ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய டிக்கெட்டுகளிலேயே இறுதி ஆட்டத்துக்கு மிகக் குறைந்த விலை 4,185 டாலர் என்று வெளியானவுடன் ஐரோப்பிய ரசிகர் சங்கங்கள் இதைத் துரோகம் என்றே வர்ணித்தன. எதிர்ப்பு வலுத்ததன் பேரில், சில நாட்களுக்குள்ளாகவே, ஒவ்வொரு ஆட்டத்திலும் சில நூறு டிக்கெட்டுகளை 60 டாலருக்குத் தருவதாக ஃபிஃபா இறங்கி வந்தது.

இத்தனைக்கும் நடுவில், 2026 ஜனவரியில் முடிந்த குலுக்கலுக்கு ஐம்பது கோடிக்கு மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன என்று அறிவித்தார்கள். ஒரே ஆசாமி பல ஆட்டங்களுக்கு, ஒவ்வொன்றிலும் நான்கு டிக்கெட் வரையில், கேட்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்ணிக்கையின் பிரம்மாண்டம் கொஞ்சம் குறையும். ஆயினும் விலை அதிகம் என்ற கூக்குரலுக்கு அவர்கள் கொடுத்த பதில் இதுதான்: இவ்வளவு பேர் கேட்கிறார்களே!

டிக்கெட் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நம்மூர் வாசகர் எவரும் நினைத்துவிட வேண்டாம். கத்தாரில் டிக்கெட்டோடு சேர்ந்த ஹய்யா அட்டையே நுழைவு அனுமதியாகவும் இருந்தது. அதற்கு முன்பு ரஷ்யாவில் ரசிகர் அட்டை இருந்தால் விசா கேட்கவில்லை. அமெரிக்காவுக்கு அப்படியில்லை. நேர்காணலுக்குச் சீக்கிரம் தேதி கொடுப்பார்களே தவிர, விசா கிடைப்பது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே விசா விஷயத்தை யோசித்துக்கொள்வது உசிதம்.

வரிசையில் நின்று வாங்குவதில் உடல் வலிமை உள்ளவன் ஜெயிக்கிறான். விலையை ஏற்றி விற்பதில் பணம் உள்ளவன் ஜெயிக்கிறான். குலுக்கலில்தான் தோற்றவன் எவனும் தன்னைத் தாழ்வாக நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. நியாயமான விலையும் குலுக்கலும் சேர்ந்த பழைய ஏற்பாடே மேல் என்பது என் கட்சி. மார்க்கெட்டின் விதியை மீற முடியாது என்று வாதிக்கிறவர்களுக்கு இதே போட்டியிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவில், வாங்கிய டிக்கெட்டை ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் எந்த விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். விற்கிறவரிடம் நூற்றுக்குப் பதினைந்தும் வாங்குகிறவரிடம் நூற்றுக்குப் பதினைந்தும் ஃபிஃபா தரகாகப் பெற்றுக்கொள்ளும். எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோவிலோ, அந்நாட்டில் வசிக்கிறவர்கள் அங்கே நடக்கும் ஆட்டங்களின் டிக்கெட்டைக் கைமாற்றிக்கொள்வதற்கென்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. அதில் முதலில் கொடுத்த விலைக்கு மேல் ஒரு பெஸோகூடக் கேட்க முடியாது.