உருப்பெருக்கமும் பிரிதிறனும்: உயிரியல் மாணவர்க்கு ஒரு விளக்கம்

முன்னுரை

நுண்ணோக்கியைச் ‘சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி’ என்றே பெரும்பாலோர் வரையறுப்பர். இவ்வரையறை பாதி உண்மையையே கூறுகிறது. பெரிதாக்குதல் வேறு, பிரித்துக் காட்டுதல் வேறு. முன்னது உருப்பெருக்கம், பின்னது பிரிதிறன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மாணவர், பெருக்கம் கூடக் கூட உயிரணுவின் நுண்ணுறுப்புகள் யாவும் புலப்படும் என எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாமையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இரு கருத்துகள்

பிம்பத்தின் அளவு பொருளின் அளவைப்போல் எத்தனை மடங்கு என்பதே உருப்பெருக்கம். பொருளருகு வில்லையின் பெருக்கத்தைக் கண்ணருகு வில்லையின் பெருக்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்.

பிரிதிறன் என்பது நெருங்கியுள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் ஆற்றல். ஒளி அலைத்தன்மை உடையது. ஆதலின் வில்லை ஒரு புள்ளியைச் சிறு வட்டாகவே காட்டுகிறது. அவ்வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் இரு புள்ளிகளும் ஒன்றாகத் தோன்றும். இவ்வெல்லையை எர்ன்ஸ்ட் அபே 1873ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார். ஒளியின் அலைநீளத்தை எண்சார் துளையின் இரு மடங்கால் வகுத்தால், பிரித்தறியத்தக்க மிகக் குறைந்த இடைவெளி கிடைக்கும். வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைத் திரட்டுகிறது என்பதைச் சார்ந்த எண்ணே எண்சார் துளை. அது பொருளருகு வில்லையின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஓர் ஒப்பீடு

எண்சார் துளை 0.65 உடைய 40 மடங்கு வில்லையை 10 மடங்கு கண்ணருகு வில்லையோடு இணைத்தால் பெருக்கம் 400 மடங்காகும். எண்சார் துளை 0.40 உடைய 20 மடங்கு வில்லையை 20 மடங்கு கண்ணருகு வில்லையோடு இணைத்தாலும் பெருக்கம் அதே 400 மடங்குதான். எனினும், 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் முன்னதன் எல்லை ஏறத்தாழ 423 நானோமீட்டர். பின்னதன் எல்லை ஏறத்தாழ 688 நானோமீட்டர். ஆகவே, 500 நானோமீட்டர் இடைவெளியுள்ள இரு துகள்கள் முதல் அமைப்பில் இரண்டாகவும் அடுத்ததில் ஒன்றாகவும் தோன்றும்.

வெற்றுப் பெருக்கம்

எண்ணெய்த் துளியிட்டுப் பயன்படுத்தும் 100 மடங்கு வில்லையின் எண்சார் துளை 1.4 வரை உயரும். அப்போது எல்லை ஏறத்தாழ 200 நானோமீட்டர். 1000 மடங்கு பெருக்கத்தில் அவ்விடைவெளி 0.2 மில்லிமீட்டராகத் தோன்றும். கண்ணுக்கு அது போதுமானது. 2000 மடங்காக்கினால் மங்கல் பெரிதாகுமேயன்றிப் புதிய நுட்பம் எதுவும் தோன்றாது. இதனையே வெற்றுப் பெருக்கம் என்பர். ஏறத்தாழ 25 நானோமீட்டர் அளவுடைய ரைபோசோம், அலைநீளம் மிகக் குறைந்த மின்னணுக்கற்றையைக் கையாளும் நுண்ணோக்கி வந்த பின்னரே புலப்பட்டது.

முடிவுரை

‘எத்தனை மடங்கு?’ எனக் கேட்கும் மாணவரை, ‘எவ்வளவு இடைவெளியைப் பிரித்துக் காட்டும்?’ எனவும் கேட்கப் பழக்குதல் ஆசிரியர் கடமை. பிரிதிறன் என்னும் தமிழ்ச்சொல் தன் பொருளைத் தானே விளக்கி நிற்பது இதற்குப் பெருந்துணையாகும்.