குடிக்கூலி வீடும் குடிபெயர்ப்பும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாத் தேவைகள் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். முதல் இரண்டையும் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போய்விடலாம். உறையுள் அத்தகையதன்று. அது ஒரு தெருவோடும், ஒரு தொழிலோடும், பிள்ளைகள் நடந்து செல்லும் ஒரு பள்ளிக்கூடத்தோடும் பின்னிக் கிடப்பது. ஏழைக்கு அவன் குடியிருக்கும் வீடு வெறும் கூரையன்று. அதுவே அவன் பிழைப்பின் மூலதனம். அந்த வீட்டை விட்டு அவன் வெளியேற்றப்படுவது ஏன், எப்போது, எந்தச் சட்டத்தின்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேட்டை உயர்ந்தால் ஏழை தாழ்வதேன்?

ஓர் ஊரில் சாலை அகலமாகிறது, தொழிற்சாலை வருகிறது, குடிநீரும் விளக்கும் வருகின்றன. இவை யாவும் நல்லவையே. ஆனால் இவற்றோடு மனையின் விலையும் ஏறுகிறது. நேற்றுவரை ஓட்டு வீட்டை நான்கு குடித்தனங்களுக்கு விட்டுச் சிறு குடிக்கூலி வாங்கிய உரிமையாளர், அதை இடித்து மாடி வீடு கட்டினால் பன்மடங்கு வருமானம் வரும் என்று கணக்கிடுகிறார். இன்று வரும் வாடகைக்கும் வரக்கூடிய வாடகைக்கும் இடையேயுள்ள இந்த வேறுபாடு எவ்வளவு பெருகுகிறதோ, அவ்வளவு விரைவாகப் பழைய குடித்தனக்காரர் வெளியேற நேரிடும். இது தனி மனிதர் ஒருவரின் தீய குணத்தால் விளைவதன்று. நிலத்தின் பொருளியல் விதி.

1964ஆம் ஆண்டில் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் இலண்டன் மாநகரின் தொழிலாளர் பேட்டைகள் வசதி படைத்தோர் கைக்கு மாறுவதை ஆராய்ந்து, அதற்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயரிட்டார். மேட்டுக்குடியாக்கம் என்று நாம் அதைத் தமிழில் கூறலாம். பெயர் இலண்டனில் பிறந்தது. நிகழ்ச்சியோ நம் கண்முன் நடப்பது. காஞ்சிபுரத்தைச் சுற்றிலும் நெடுஞ்சாலையும், திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளும் வளர்ந்த பின்னர், முசரவாக்கம் போன்ற ஊர்களில்கூட ‘மனைப் பிரிவு’ என்ற அறிவிப்புப் பலகை புதுமையன்று.

தறியும் வீடும்

நம் நகருக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. காஞ்சிப் பட்டு நெய்பவருக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்றே. குழித்தறி போட வேண்டுமானால் தரையில் பள்ளம் வேண்டும். நெய்பவர் அதில் காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்க வேண்டும். கோர்வைச் சேலையாயின் பக்கத்தில் கரை கோப்பவர் ஒருவர் அமர இடம் வேண்டும். பாவு நீட்டுவதற்கோ வீட்டுக்குள் இடம் போதாது. நீண்ட தெருவே வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் காலை வேளையில் தெருவே தொழிற்கூடமாவதைக் காணலாம்.

இத்தகைய குடும்பத்துக்கு மாற்று வீடு மூன்றாம் மாடியில் கிடைத்தால் என்ன பயன்? மாடித் தளத்தில் குழி தோண்ட இயலாது. பாவு நீட்டத் தெருவும் இராது. வாடகை ஏறி வீடு மாறும் நெசவாளி, இன்னொரு வீட்டைத் தேடவில்லை; தறி போட இடந்தரும் வீட்டைத் தேடுகிறார். அது கிடைக்காதபோது தறியை விற்றுவிட்டு வேறு கூலி வேலைக்குப் போக நேர்கிறது. வீட்டோடு தலைமுறைத் தொழிலும் போய்விடுகிறது.

குடியிருப்போர் மூவகை

குடியிருப்போர் அனைவருக்கும் சட்டம் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

முதல் வகையினர் பிறர் கட்டிய வீட்டில் வாடகைக்கு இருப்போர். இவர்களுக்குத் துணையாக 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நெடுங்காலம் இருந்தது. வாடகை மிகையென்றால் நியாய வாடகை நிர்ணயிக்குமாறு கோரலாம். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளர் தாமே குடியேற விரும்புதல், இடித்துக் கட்டுதல் முதலிய காரணங்களைக் காட்டினால்தான் வெளியேற்ற முடியும். இச்சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை என்பது இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் தொகையாகும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிடின் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமையே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பத்தாண்டு, இருபதாண்டு குடியிருக்கும் ஏழைகளுக்கே இதனால் இடர் மிகுதி.

இரண்டாம் வகையினர் பிறர் மனையில் தாமே வீடு கட்டிக்கொண்டு மனை வாடகை செலுத்துவோர். கோயில் நகரமாகிய காஞ்சியில் இது எளிதில் விளங்கும். 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், இத்தகையோர் அம்மனையை விலைக்குத் தருமாறு நீதிமன்றத்தில் கேட்க வழிவகுத்தது. ஆனால் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சமய நிறுவனங்களின் நிலங்கள் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. குத்தகைக் காலம் முடிந்த பின்னும் கோயில் நிலத்தில் தங்குபவர், 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆக்கிரமிப்பாளராகவே கருதப்படுவார். கோயிலின் சொத்தைக் காக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வீட்டுச் சுவர் தமது, அடிநிலம் தமதன்று என்ற நிலையில் வாழ்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

மூன்றாம் வகையினர் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி இவர்களுக்கு முன்னறிவிப்புத் தந்து வெளியேற்றலாம். ஆறு, ஏரி, கால்வாய் ஆகியவற்றின் கரையாயின் பட்டா பெறும் வாய்ப்பு இல்லை என்றே கூறலாம்.

சென்னை காட்டும் பாடம்

குடிசைவாழ் மக்களுக்கென்று 1970ஆம் ஆண்டில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. அதற்குரிய சட்டம் 1971இல் வந்தது. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிய அதிகாரியின் எழுத்து வழி இசைவின்றிக் குடியிருப்போரை வெளியேற்ற வழக்குத் தொடர இயலாது என்று அச்சட்டம் கூறுகிறது. ஆனால் சென்னையில் 1985க்குப் பின் புதிய பகுதிகள் அவ்வாறு அறிவிக்கப்படவில்லை. அறிவிப்பு இல்லாத இடத்தில் அப்பாதுகாப்பும் இல்லை.

தொடக்க ஆண்டுகளில் வாரியம் குடிசை இருந்த இடத்திலோ அதன் அருகிலோ மாடிக் குடியிருப்புகளைக் கட்டித் தந்தது. 1977இல் உலக வங்கியின் உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் அடிப்படை வசதிகளோடு மனைகள் பிரித்துத் தரும் திட்டமும் தொடங்கியது. 2000க்குப் பின்னர் நிலைமை மாறிற்று. நகரின் உட்பகுதி நிலம் பொன் விலையாயிற்று. குடிசைவாசிகள் புறநகருக்கு அனுப்பப்பட்டனர். துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகரில் மட்டும் 15,656 வீடுகள் கட்டப்பட்டன. பின்னர்ச் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எழுந்தன. 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன.

அங்கே கான்கிரீட் கூரை கிடைத்தது. வெள்ள அச்சம் நீங்கியது என்றும் சிலர் கூறுவர். ஆனால் நகருக்குள் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்பு அவர் நடந்து போய்க் காலை வேலையை முடித்து, மதியம் வீடு திரும்பி, மாலையில் மறுபடியும் போவார். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறிய பின் ஒரு நாளைக்கு இருமுறை போக இயலாது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது உண்மையே. ஆயினும் இழந்த நேரத்தை யார் ஈடு செய்வார்? நான்கு வீடு இரண்டாகிறது; வருமானம் பாதியாகிறது.

2022 மே மாதத்தில் சென்னை இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து மாண்டார். வீடு என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

காஞ்சியிலும் இதன் சாயல் உண்டு. வேகவதி ஆற்றங்கரையில் வாழ்வோருக்கென்று கீழ்கதிர்ப்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. தொழில் செய்யும் இடமும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவாகிவிடும் என்று பலர் அங்குச் செல்லத் தயங்கினர்.

நீதிமன்றம் கூறியது

1985ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பம்பாய் நடைபாதை வாசிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பது அதன் பெயர். உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. அதே நேரத்தில், நடைபாதையில் நிலையாகக் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை என்றும், உரிய முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி வெளியேற்றலாகாது என்றும் கூறியது. ஆகவே அத்தீர்ப்பு தந்தது முறையான நடவடிக்கைக்கான உரிமையே தவிர, நிலைத்த வீடன்று.

அறிந்திருக்க வேண்டியவை

வாடகைக்கு இருப்போர் ஒப்பந்தத்தை எழுத்தில் பெற வேண்டும். மாதந்தோறும் கொடுக்கும் வாடகைக்கு இரசீது கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் வங்கி வழியாகச் செலுத்தலாம், அதுவே சான்றாகும். வெளியேறச் சொல்லிக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம். வாடகை நீதிமன்றத்தின் ஆணையின்றி உரிமையாளர் தாமே சாமான்களை வெளியே எடுத்து வைக்க முடியாது. புறம்போக்கில் இருப்போருக்குக் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண இரசீது ஆகியவை நில உரிமையைத் தருவதில்லை. ஆனால் எத்தனை ஆண்டு அங்கு வாழ்ந்தனர் என்பதைக் காட்டி மாற்று வீடு கோர அவை உதவும்.

முடிவுரை

ஆற்றைக் காக்க வேண்டும். கோயில் நிலத்தைக் காக்க வேண்டும். வீட்டு உரிமையாளரின் நியாயமான வருமானத்தையும் மறுக்கலாகாது. இவை அனைத்தையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஊர் உயர்வதற்குக் கைகொடுத்த தொழிலாளிக்கு, உயர்ந்த ஊரில் இடம் எங்கே? இருந்த இடத்திலேயே கட்டித் தருதல், இயலாதாயின் தொழில் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாற்றிடம் தருதல், நெசவாளிக்குத் தரைத்தளத்தில் தறிக்கூடத்தோடு கூடிய வீடு தருதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் கனவுகளல்ல; திட்டமிடும்போதே நினைவில் கொள்ள வேண்டிய எளிய நெறிகள்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் வாடகை வீட்டிலிருந்து வருபவர்களே. படித்த நாம் செய்யக்கூடியது சிறிது, ஆனால் பயனற்றதன்று. நம் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு வந்த அறிவிப்புத் தாளைப் படித்துக் காட்டி, அதில் குறித்த நாளுக்குள் பதில் மனு எழுதித் தருவோமானால், நாம் பெற்ற கல்வி அன்றே ஒரு வீட்டுக்குத் தூணாக நின்றது என்று சொல்லலாம்.