காஃப்காவும் காலி ஸ்டேஷனும்

மக்கா, மாண்ட்ரியல்ல 2009-ல ஆரம்பிச்ச வாடகை சைக்கிள் சேவைதான் பிக்ஸி. எந்த ஸ்டேஷன்ல எத்தனை சைக்கிள் நிக்குதுன்னு இணையத்துல இலவசமாவே கொடுக்குறாங்க. புராஜெக்டுக்காக அதை ஒரு சோர்ஸ் கனெக்டர் போட்டு காஃப்காவுக்கு அனுப்பினேன். (லிங்க்ட்இன்ல பொறந்து 2011-ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சே, அதே காஃப்கா.)

பரீட்சை நாள். என் ஸ்க்ரீன்ல 6 சைக்கிள். ஓடிப்போய்ப் பார்த்தா ஒண்ணுகூட இல்லை!

சொந்தச் செலவில் சூனியம். மெசேஜுக்கு கீ வைக்க மறந்திருக்கேன். காஃப்கா ஒரு பார்ட்டிஷனுக்குள்ள மட்டும்தான் வரிசையைக் காப்பாத்தும். கீ இல்லாததால ஒரே ஸ்டேஷனோட தகவல் 3 பார்ட்டிஷன்ல சிதறி, பழசு பின்னாடி வந்து புதுசை அழிச்சிருக்கு.

மருந்து: கனெக்டர் கான்ஃபிகரேஷன்ல 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' பகுதியில 'வேல்யூ டு கீ' சேர்த்து, ஸ்டேஷன் ஐடியைக் கீ ஆக்கணும். பார்ட்டிஷன் எண்ணிக்கையை மாத்தாத வரைக்கும் ஒரு ஸ்டேஷனுக்கு ஒரே பார்ட்டிஷன்தான். ஏற்கெனவே போன மெசேஜ் திருந்தாது. புது டாப்பிக்ல முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன்.

கனெக்டர் நிலை 'ரன்னிங்'னு காட்டினா கனெக்டர் ஓடுதுன்னு மட்டும்தான் அர்த்தம். தகவல் சரியாப் போகுதான்னு நாமதான் பார்க்கணும். நான் பார்க்காததுக்கு விலை, பரீட்சையில 20 நிமிஷம்.