முதியவரின் கல்லீரலை தானமாக ஏற்கலாமா?

மூளைச்சாவு அடைந்தவர் 70 வயதைக் கடந்தவராக இருந்தால், 'இந்த வயதில் எந்த உறுப்பு பயன்படப் போகிறது?' என்று குடும்பத்தினரே தானம் குறித்த பேச்சை முடித்துக்கொள்வதுண்டு. இதயத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயம் உண்டு; கல்லீரலைப் பொறுத்தவரை இல்லை.

கல்லீரல் தன் செல்களை இடையறாது புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 20 முதல் 84 வயதுக்குள் இறந்தவர்களின் கல்லீரலை ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதன்படி, இறந்தவரின் வயது எதுவாயினும் கல்லீரல் செல்களின் சராசரி வயது 3 ஆண்டுகளுக்கும் குறைவே. அமெரிக்காவின் மிசோரி மாகாணத்தில் 2024-இல் 98 வயதில் காலமான முன்னாள் ராணுவ வீரரின் கல்லீரல், மற்றொருவருக்குப் பொருத்தப்பட்டது.

எனினும், முதியவரின் கல்லீரலை அப்படியே ஏற்றுவிட முடியாது. கொழுப்பு படிந்துள்ளதா, தழும்பேறி இறுகியுள்ளதா என்பதை ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை மூலம் மருத்துவர்கள் அறிகின்றனர். அதைவிட முக்கியமானது நேரம். உடலிலிருந்து எடுக்கப்பட்டு குளிர்நிலையில் வைக்கப்படும் கல்லீரல், நேரம் நீள நீளச் சேதமடையும். முதியவரின் உறுப்பு அதை இன்னும் குறைவாகவே தாங்கும். பின்னாளில் பித்த நாளங்களில் சிக்கல் ஏற்படும் வாய்ப்பும் கூடும். எனவே, தொலைதூர நகருக்கு அனுப்புவதைவிட, அருகிலேயே தயார்நிலையில் உள்ள நோயாளிக்குப் பொருத்துவதே உகந்தது. ஹெபடைடிஸ் சி பாதித்தவர்களுக்கு முதியவரின் கல்லீரலைப் பொருத்த மருத்துவர்கள் ஒருகாலத்தில் தயங்கினர். அந்த வைரஸை அழிக்கும் மாத்திரைகள் வந்தபின் அத்தயக்கம் பெருமளவு நீங்கியது.

இந்தியாவில் இக்கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. இங்கு இறந்தோரின் உறுப்பு தானம், 10 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. அதனால் பெரும்பாலான கல்லீரல் மாற்று சிகிச்சைகளில் மனைவி, மகன், மகள் என நலமாக உள்ள உறவினர் ஒருவரும் பெரிய அறுவை சிகிச்சைக்கு உட்பட நேர்கிறது. இறந்தோரின் உறுப்பைப் பெறப் பதிவு செய்வதற்கு இருந்த 65 வயது வரம்பை மத்திய அரசு 2023-இல் நீக்கியது. ஆனால், தானம் செய்வோரின் வயது குறித்த தயக்கம் வீடுகளில் இன்னும் அகலவில்லை.

குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்து மூளைச்சாவு உறுதி செய்யப்பட்ட பின்னரே உறுப்புகள் அகற்றப்படுகின்றன. குடும்பத்தினர் தெரிவிக்க வேண்டியது ஒப்புதலை மட்டுமே. கல்லீரல் பயன்படுமா என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும்.